எண்ணத் தொடங்குமுன்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் உள்ளடக்கப் பகுப்பாய்வு பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். செய்தி, விளம்பரம், பாடநூல், தொடர், கடிதம் என ஏற்கெனவே எழுதப்பட்டதையோ காட்டப்பட்டதையோ எடுத்து, முன்கூட்டி வகுத்த விதிப்படி வகை பிரித்து எண்ணி, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வரும் ஆய்வுமுறை என்று சொன்னதோடு சரி. அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாடம் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் சந்தேகம் கேட்டால் விடுவேனா? இதோ பதில்கள்.

கேள்வி: அம்மா, நான் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் பாடநூல் படங்களில் ஆண்களும் பெண்களும் என்னென்ன வேலை செய்வதாகக் காட்டப்படுகிறார்கள் என்பது என் ஆய்வுத் தலைப்பு. "படம் எண்ணுவதற்குப் பேர் ஆராய்ச்சியா?" என்று தோழிகள் சிரிக்கிறார்கள். கைடு "நல்ல தலைப்பு, ஆரம்பி" என்றதோடு நிறுத்திக்கொண்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஆய்வு மாணவி

பதில்: சிரிக்கட்டும். தமிழில் 'எண்ணுதல்' என்றால் கணக்கிடுவதும் அதுதான், நினைப்பதும் அதுதான். இந்த முறைக்கு இரண்டும் வேண்டும். நினைப்பது முதலில் வரவேண்டும். வரிசையை மாற்றிச் செய்து மாட்டிக்கொண்டவள் நான்.

என் முதல் ஆய்வும் படங்களைப் பற்றியதுதான், செய்தித்தாள் படங்கள். 'படத்தில் பெண் முக்கியமானவராக இருக்கிறாரா, இல்லையா' என்று தாளில் ஒரு கட்டம் போட்டேன். 340 படங்களை இரண்டே வாரத்தில் முடித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு மாதம் கழித்து, சும்மா ஒரு சோதனைக்காக முதல் 50 படங்களை மறுபடி குறித்தேன். பழைய தாளோடு வைத்துப் பார்த்தால் 11 படங்களில் என் பதிலே மாறியிருந்தது. இன்னொருவரோடு கருத்து வேறுபட்டால் பரவாயில்லை. என்னோடு நானே வேறுபட்டு நிற்கிறேன்.

ஏன் என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. தொடக்கத்தில், படத்தின் நடுவில் நிற்பவர் எனக்கு முக்கியமானவர். நூறு படம் தாண்டுவதற்குள், படக்குறிப்பில் பெயர் இருப்பவர் முக்கியமானவர் ஆகிவிட்டார். இந்த மாற்றம் எனக்கே தெரியாமல் நடந்திருந்தது. 'முக்கியம்' என்ற சொல்லையே தாளிலிருந்து எடுத்தேன். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் வைத்தேன்: முகம் முழுதாகத் தெரிகிறதா? படக்குறிப்பில் பெயர் உண்டா? படத்தில் இருப்பவர்களில் பெரிதாகத் தெரிவது அவர்தானா? மூன்றும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. 340 படங்களையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். கண் வலித்தது, ஆனால் தாள் நின்றது.

இப்போது உங்கள் பாடநூலுக்கு வருவோம். நீங்கள் எண்ணப்போவது படத்தையா, படத்திலுள்ள ஆட்களையா? ஒரே படத்தில் பன்னிரண்டு குழந்தைகள் விளையாடினால் அது ஒன்றா, பன்னிரண்டா? இதை இன்றே முடிவு செய்யுங்கள். பிறகு 'வேலை'. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு சும்மா நிற்கும் பெண் மருத்துவ வேலை செய்கிறாரா? ஒரு கையில் குழந்தையும் மறு கையில் புத்தகமுமாக இருப்பவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? முகமில்லாத கோட்டுச் சித்திரத்தை ஆண் என்பீர்களா, பெண் என்பீர்களா? எதைக் கொண்டு: உடையா, முடியா, பாடத்தில் வரும் பெயரா? சட்டை போட்ட கரடியை எண்ணலாமா? சிரிக்காதீர்கள், சிறு வகுப்புப் புத்தகங்களில் கரடி நிச்சயம் வரும்.

இந்த ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை ஓர் எடுத்துக்காட்டோடு எழுதிவைப்பதுதான் குறியீட்டுக் கையேடு. 'தெரியவில்லை' என்றும் ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள். ஆய்வில் சேராத வேறு புத்தகத்திலிருந்து இருபது படம் எடுத்து, கையேட்டை மட்டும் பார்த்துக் குறிக்கும்படி ஒருவரிடம் கொடுங்கள். சிரித்த தோழிகளில் ஒருவரையே பிடியுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லக் கூடாது. அவர் தடுமாறும் இடமெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கும் ஓட்டை.

இன்னொன்று. 'பெண்கள் 37 சதவீதம்' என்று ஒரு விடை வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அது அதிகமா, குறைவா? எதோடாவது ஒப்பிட்டால்தான் எண்ணுக்கு வாய் முளைக்கும். 1893-இல் ஜான் கில்மர் ஸ்பீடு என்பவர் நியூயார்க் நாளிதழ்கள் சிலவற்றை எடுத்து, 1881-இல் எந்தெந்த விஷயத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள், 1893-இல் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அளந்தார். வம்பும் அவதூறும் பெருகி, மதச் செய்திகள் சுருங்கியிருந்தன. அந்த ஒப்பீட்டுக்காகத்தான் இன்றும் அவர் பெயர் அடிபடுகிறது.

1920-இல் வால்டர் லிப்மனும் சார்லஸ் மெர்ஸும் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். ரஷ்யப் புரட்சியைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் சுமார் மூன்று ஆண்டுகள் வெளியிட்ட செய்திகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு செய்தியும் உண்மையா பொய்யா என்று ரஷ்யாவுக்குப் போய் விசாரிக்கவா முடியும்? யாரும் மறுக்க முடியாத சில பெரிய நிகழ்வுகளை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். போல்ஷ்விக் ஆட்சி கவிழவில்லை என்பது அதில் ஒன்று. அந்த ஆட்சி விழப்போகிறது அல்லது விழுந்துவிட்டது என்று பத்திரிகை எத்தனை முறை எழுதியது என்று எண்ணினார்கள்: 91 முறை. தோழிகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உங்களுக்கு அளவுகோல் பழைய பதிப்பாக இருக்கலாம், இன்னொரு வகுப்பின் புத்தகமாக இருக்கலாம். அதை இப்போதே தேர்ந்தெடுங்கள், எண்ணி முடித்த பிறகு தேடாதீர்கள்.

கேள்வி: ஒரு நாளிதழின் ஓர் ஆண்டு இதழ்கள் அனைத்தையும் படிக்க நேரமில்லை. ஏழு இதழுக்கு ஒன்று என்று எடுத்தால் 52 வரும். போதுமா?
– பகுதிநேர ஆய்வாளர்

பதில்: 52 தாராளம். ஆனால் அந்த ஐம்பத்திரண்டும் ஒரே கிழமையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியிருந்தால் ஆண்டு முழுக்க ஞாயிறுதான். என் மாணவர் ஒருவர் இதே போல பதினான்குக்கு ஒன்று எடுத்தார். அந்த நாளிதழில் அரசியலைவிடப் புத்தக அறிமுகமும் திரை விமர்சனமும் அதிக இடம் பிடிக்கின்றன என்று வியப்போடு ஓர் அத்தியாயமே எழுதிக்கொண்டு வந்தார். அவர் பார்த்தது நாளிதழை அல்ல, அதன் ஞாயிறு மலரை.

இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. ஆண்டின் திங்கட்கிழமைகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்று எடுங்கள், செவ்வாய்களில் ஒன்று, புதனில் ஒன்று, இப்படியே ஞாயிறு வரை. வெவ்வேறு மாதங்களிலிருந்து வந்த ஏழு நாள் சேர்ந்து ஒரு 'கட்டமைத்த வாரம்' ஆகிறது. ஒரு நாளிதழின் ஓர் ஆண்டுக்கு இப்படி இரண்டு வாரம், அதாவது பதினான்கு இதழ் போதும் என்று ரிஃப், ஆஸ்ட், லேசி மூவரும் 1993-இல் சோதித்துச் சொன்னார்கள். அன்றாடம் வரும் பொதுவான செய்திகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். நிலநடுக்கம் போல எப்போதோ வரும் விஷயத்தைத் தேடுகிறீர்கள் என்றால், பதினான்கு இதழில் ஒன்றுகூடச் சிக்காமல் போகலாம். அதற்கு ஆண்டு முழுவதையும் சலிக்கத்தான் வேண்டும்.

கேள்வி: நானும் நண்பரும் தனித்தனியாக 100 தலைப்புச் செய்திகளைப் பார்த்து, 'எதிர்மறை', 'எதிர்மறை அல்ல' என்று பிரித்தோம். 84 இடங்களில் ஒத்துப்போனோம். 84 சதவீதம் என்றால் முதல் வகுப்புதானே? மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.
– ஓர் இளம் ஆய்வாளர்

பதில்: நீங்கள் அனுப்பிய கட்டத்தைப் பார்த்தேன். மேற்பார்வையாளர் பக்கம்தான் நியாயம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தக் கணக்கு புரிந்தால் பாதி பாடம் முடிந்தது.

நீங்கள் 10 செய்திகளை எதிர்மறை என்றீர்கள். நண்பரும் 10 என்றார். ஆனால் இருவரும் சேர்ந்து சுட்டியது இரண்டே இரண்டு. நீங்கள் சொன்ன எட்டை அவர் மறுத்தார், அவர் சொன்ன எட்டை நீங்கள் மறுத்தீர்கள். மீதி 82 இருவருக்கும் 'எதிர்மறை அல்ல'. ஆக, 82-உம் 2-உம் 84.

இப்போது இருவரும் கண்ணை மூடிக்கொண்டு குறித்ததாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நூற்றுக்குப் பத்தை எதிர்மறை என்று கைபோன போக்கில் போடுகிறீர்கள். தற்செயலாகவே எத்தனை ஒத்துப்போகும்? எதிர்மறையில் 0.1 × 0.1, அதாவது 0.01. மற்றதில் 0.9 × 0.9, அதாவது 0.81. கூட்டினால் 0.82. செய்தியைப் படிக்காமலே 82 சதவீத ஒப்புமை கிடைத்திருக்கும்! கண்ணைத் திறந்து படித்ததற்கு உங்களுக்குக் கிடைத்த கூலி இரண்டு சதவீதம்.

1960-இல் ஜேக்கப் கோஹன் தந்த 'கப்பா' என்னும் அளவு இதைத்தான் கணக்கிடுகிறது. கிடைத்த ஒப்புமையிலிருந்து தற்செயலைக் கழித்து, கிடைத்திருக்கக்கூடிய மிச்சத்தால் வகுக்க வேண்டும். (0.84 – 0.82) ÷ (1 – 0.82). விடை 0.11. கிளவுஸ் கிரிப்பெண்டார்ஃப் இதே நோக்கத்துக்காக 'ஆல்ஃபா' என்று வேறோர் அளவு வகுத்தார். அதற்கு 0.8 வேண்டும், தற்காலிகமான முடிவுகளுக்கு 0.667 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாக்கு. அது வேறு அளவுதான் என்றாலும், 0.11 எந்தப் படியிலும் ஏறாது.

ஒரு வகை மிக அரிதாக இருந்தால் கப்பா கொஞ்சம் கடுமையாகவே இறங்கும் என்று ஒரு முணுமுணுப்பு உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் கப்பாவைக் குறை சொல்ல வழியில்லை. பத்தில் இரண்டைத்தான் இருவரும் ஒன்றாகச் சுட்டியிருக்கிறீர்கள். 'எதிர்மறை' என்றால் அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. ஒத்துப்போகாத பதினாறையும் மேசையில் பரப்பி வைத்துப் பேசுங்கள். விபத்துச் செய்தி எதிர்மறையா? எதிர்க்கட்சியின் தோல்வி யாருக்கு எதிர்மறை? பேசி விதியைத் திருத்துங்கள்.

திருத்திய பிறகு இந்த நூறையே மறுபடி குறித்துக் காட்டாதீர்கள். பேசிப் பேசி விடை மனப்பாடம் ஆகியிருக்கும். புதிதாக நூறு எடுத்து, தனித்தனியாகக் குறித்து, ஒப்புமையைக் கணக்கிட்டு எழுதிவைத்த பிறகுதான் வேறுபாடுகளைப் பேசித் தீர்க்க வேண்டும். பேசித் தீர்த்துவிட்டுக் கணக்கிட்டால் 100 சதவீதம் வரும், அதைப் போட்டு வெளியான ஆய்வேடுகளையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அதிகமுறை வருவதுதான் முக்கியமானது என்று எப்படிச் சொல்லலாம்? ஒரே ஒருமுறை சொன்னதுதான் சில நேரம் சுடும். சொல்லாமல் விட்டதற்குப் பொருள் இல்லையா? இலக்கியம் படித்தவன் என்பதால் கேட்கிறேன்.
– தமிழாசிரியர்

பதில்: ஐயா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1952-இல் பெர்னார்டு பெரல்சன் இந்த முறைக்குச் சொன்ன இலக்கணம் வெகுகாலம் வேதவாக்காக இருந்தது: வெளிப்படையாகத் தெரியும் உள்ளடக்கத்தை, புறவயமாக, ஒழுங்கோடு, எண்ணளவில் விவரிப்பது. 'வெளிப்படையாக' என்ற சொல்லில்தான் சிக்கல். வெளியே சொல்லாமல் உள்ளே பொருளை வைக்கும் உள்ளுறை உவமத்துக்கே இலக்கணம் சொன்ன தொல்காப்பியத்தைப் படித்த உங்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும்.

உங்கள் ஐயத்துக்குப் போர்க்களத்திலிருந்தே ஒரு பதில் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நாஜி ஜெர்மனியின் வானொலியையும் பேச்சுகளையும் கேட்டு, எதிரியின் உள்நோக்கம் என்ன என்று ஊகிக்கவே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆட்கள் இருந்தார்கள். போருக்குப் பின் ஜெர்மானிய ஆவணங்கள் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ஜார்ஜ் அந்த ஊகங்களை ஆவணங்களோடு ஒப்பிட்டு 1959-இல் எழுதினார். எத்தனை முறை என்று எண்ணுவதைவிட, ஒன்று வந்ததா வரவில்லையா, வழக்கமாக வருவது திடீரென்று நின்றதா என்று பார்ப்பது பலமுறை கைகொடுத்திருக்கிறது என்பது அவர் கண்டது. ஆனால் அந்த ஆட்கள் வழக்கம் என்ன என்பதை நாள்தோறும் கேட்டுக் கேட்டு அறிந்திருந்தார்கள். வழக்கம் தெரியாதவருக்கு மௌனம் காதில் விழாது. ஒரு தலைவர் தன் உரையில் ஒரு சொல்லைத் தவிர்த்தார் என்று நான் சொன்னால், முந்தைய உரைகளில் அது எத்தனை முறை வந்தது என்று நீங்கள் என்னைக் கேட்க வேண்டும். எங்கே சுற்றினாலும் எண்ணிக்கை பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது பாருங்கள்.

யாரும் பொருட்படுத்தாத சொற்களும் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 88-இல் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளில் பன்னிரண்டை எழுதியது ஹாமில்டனா, மேடிசனா என்று நெடுங்காலம் தகராறு. 1964-இல் மாஸ்டெல்லரும் வாலஸும் கருத்தைப் பார்க்காமல் இடைச்சொற்களை எண்ணினார்கள். 'அபான்' (upon) என்ற ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு மூன்று முறை அளவில் போடுவார், மேடிசன் அரிதாகத்தான் தொடுவார். ஹாமில்டன் 'வைல்' (while) என்று எழுதும் இடத்தில் மேடிசன் 'வைல்ஸ்ட்' (whilst) என்பார். பன்னிரண்டும் மேடிசன் பக்கம் சாய்ந்தன. 'உம்'மையையும் 'ஏ'காரத்தையும் வகுப்பில் பிரித்துக் காட்டும் உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றிய செய்திகளைக் கணினியில் 'நீர்' என்று தேடி எண்ணுகிறேன். ஏஐயிடம் கொடுத்தால் இன்னும் விரைவாக முடியுமா?
– இதழியல் மாணவர்

பதில்: முதலில் 'நீர்' என்ற தேடலைப் பார்ப்போம். அது 'தண்ணீர்' என்ற சொல்லைக் கண்டுபிடிக்காது, அங்கே இருப்பது 'ணீ'. உங்கள் தலைப்புச் சொல்லே வலையில் சிக்கவில்லை! 'நீரை', 'நீரில்', 'நீரின்' எதுவும் வராது, புள்ளி போய்விட்டது. சரி என்று புள்ளியை எடுத்துவிட்டு 'நீர' என்று தேடினால், 'சிறுநீரகம்' வந்து நிற்கும். 'ஒப்பந்தம் நீர்த்துப்போனது' என்ற அரசியல் செய்தி முதல் தேடலிலேயே நீர்ப் பற்றாக்குறையில் சேர்ந்திருக்கும். 'மரம்' தேடினால் 'மரத்தில்' கிடைக்காது. வேற்றுமை உருபு ஏறும் மொழியில் சொல் தேடுவதற்கு முன் சொல் வடிவங்களின் பட்டியல் ஒன்று வேண்டும். தேடல் எதைப் பிடித்தது, எதை விட்டது என்று ஐம்பது செய்திகளையாவது கையால் படித்துச் சரிபாருங்கள்.

ஏஐயைப் பொறுத்தவரை எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. 1960-களிலேயே ஹார்வர்டில் பிலிப் ஸ்டோனும் அவர் குழுவும் 'ஜெனரல் இன்க்வயரர்' என்ற நிரலை வைத்துக் கணினியில் வகை பிரித்தார்கள்; இது புதுப் பழக்கம் அல்ல. ஏஐயையும் உங்களைப் போல வகை பிரித்துக் குறிக்கும் இன்னோர் ஆளாக நடத்துங்கள், அவ்வளவுதான். இரண்டு மனிதர்கள் குறித்த ஓர் 200 செய்தியை அதனிடமும் கொடுத்து ஒப்புமை பாருங்கள். எந்தப் பதிப்பு, என்ன கட்டளை, எந்தத் தேதி என்று எழுதிவையுங்கள். அதே செய்தியை அடுத்த வாரம் கொடுத்தால் வேறு விடை தரக்கூடும். முதல் ஆய்வில் நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதால் அதன்மேல் கோபமில்லை.

கேள்வி: மாலைத் தொடர்கள் ஐந்தை ஒரு மாதம் பார்த்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சண்டை என்று எண்ணி வைத்திருக்கிறேன். இவை குடும்பங்களைக் கெடுக்கின்றன என்று இதை வைத்து எழுதலாமா?
– இல்லத்தரசி

பதில்: எழுதக் கூடாது. தொடரில் இவ்வளவு சண்டை இருக்கிறது என்று எழுதலாம். உங்கள் உழைப்பு அதற்குச் சான்று. பார்த்தவர்கள் கெட்டார்களா என்பதைப் பார்த்தவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்முறையை ஆண்டுக்கணக்கில் எண்ணிய ஜார்ஜ் கெர்ப்னரும் பார்வையாளர்களைப் பற்றிப் பேசுவதற்குத் தனியாகக் கருத்துக் கணிப்புகளைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ஆமாம், 'சண்டை' என்பதற்கு என்ன விதி வைத்தீர்கள்? பேசாமல் முறைத்துக்கொண்டு நிற்பது அதில் சேருமா? அதை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள், ஆவலாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் அறிவுரை சொல்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று வகை பிரித்து ஒரு சின்ன ஆய்வு செய்யலாமா அம்மா? இதற்கு அனுமதி வேண்டுமா?
– கல்லூரி மாணவர்

பதில்: வேண்டும். செய்தித்தாள் எல்லோருக்காகவும் அச்சானது. சித்தப்பா அனுப்பியது உங்கள் எல்லோருக்காகவும்தான், ஆனால் உங்கள் பேராசிரியருக்காக அல்ல. எல்லோரிடமும் சொல்லி, ஒருவர் மறுத்தாலும் அவர் அனுப்பியவற்றை நீக்கிவிடுங்கள். பெயருக்குப் பதில் எண் போட்டாலும், யார் எது என்று குடும்பத்துக்குள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் எந்தச் செய்தியையும் அப்படியே எடுத்துக் காட்டாதீர்கள்.

நீங்கள் அனுமதி கேட்ட நாளிலிருந்து அறிவுரை சட்டென்று குறைந்துவிடும், அத்தைகூட யோசித்துத்தான் அனுப்புவார். ஆகவே கேட்ட நாளுக்கு முந்தைய நாளோடு தரவை நிறுத்துங்கள். அதற்குப் பின் வந்தவற்றைத் தாளில் சேர்க்காதீர்கள்.